ஒரு செங்கல் கனம்

சுல்மா பெந்தான்கோர் வரைவாள், நான் வெட்டுவேன்.
பதினொரு வருடமாக மொந்தெவிதேயோவில்
இதுதான் எங்கள் பிழைப்பு:
உணவகங்களுக்கு ஏப்ரன், பள்ளிகளுக்குச் சீருடை,
ஒரே ஒருமுறை
சர்க்கஸ் குதிரைக்கு மழைக்கோட்டு.

மார்ச்சில் அவளுக்குப் பித்தப்பையில் கல்.
ஆஸ்பத்திரியில் அந்த அங்கியைக் கொடுத்தார்கள்.
முன்னால் கழுத்துவரை மானம்,
பின்னால் இரண்டு நாடா.
ஒரு கையில் சலைன் கம்பம்,
மறு கையால் முதுகுப்பக்கம் துணியைக் கூட்டிப் பிடித்தபடி
கழிப்பறைக்கு இருபத்தாறு தப்படி.
எண்ணியிருக்கிறாள்.

கல் போய்விட்டது.
அந்தக் கை மட்டும்
முதுகைவிட்டு வரவேயில்லை.

ஏப்ரல் முழுக்க வரைந்தாள்.
பொத்தான் வைத்தால் படுக்கும்போது உறுத்தும்.
ஜிப் ஸ்கேனுக்கு ஆகாது.
வெல்க்ரோ சலவையில் பக்கத்துத் துணியைக் கடிக்கும்.
அவள் கசக்கினாள், நான் கூட்டி அள்ளினேன்.

பிறகு வடக்கே ஒரு கல்யாணம்.
திரும்பும் வழியில், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஊரில்,
பஸ் இரண்டு மணி நேரம் தாமதம்.
அந்த நிலையம் எவரிஸ்தோ அஸ்பிரோஸ் கட்டியது.
தபால்தலையில் முகம் உள்ளவர்.
வெளிநாட்டு மாணவர்கள் தரையில் மல்லாந்து படுத்து
அவருடைய கூரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
சுல்மா கூரையைப் பார்க்கவில்லை.
தெற்கிலிருந்து பாம்பேரோக் காற்று ஊசி ஊசியாய் இறங்க
சுவரோரம் ஒதுங்கினாள்.

அந்தச் சுவர் நெளிகிறது.
ஒரு குழிவில் எம்பனாடா விற்கும் பெண்,
அடுத்ததில் ஒரு நாய்,
அதற்கடுத்ததில் மாத்தே உறிஞ்சும் ஓட்டுநர்.
காலியாக இருந்ததில் இவள்.
கதவோரத்தில் கனத்தைச் சாணால் அளந்தாள்.
சாண்கூட இல்லை. ஒற்றைச் செங்கல்.
ஏழு மீட்டர் உயரம்.
"நேராகக் கட்டியிருந்தால் என்றைக்கோ விழுந்திருக்கும்,"
என்றார் ஓட்டுநர், உறிஞ்சுகுழலை எடுக்காமலே.

பஸ் டிக்கெட்டை நிறுத்திப் பார்த்தாள், சாய்ந்தது.
விசிறிபோல் மடித்து நிறுத்தினாள், நின்றது.
மறுநொடி காற்று அதைக் கொண்டுபோனது.
எங்கள் கணக்குப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது:
ஆராய்ச்சிச் செலவு, இன்னொரு டிக்கெட்.

"கொசுவம்," என்றாள் வந்து இறங்கியதும்.
"முடிச்சு வேண்டாம். பின்பக்கம் மடிப்பே மடிப்பைத் தாங்கட்டும்."
"துணிக்கு எலும்பு கிடையாது," என்றேன்.
"செங்கல்லுக்கு மட்டும் இருக்கிறதா?"

பதினொரு மாதிரிகள்
நனைந்த அக்கார்டியன்போல் தொங்கின.
பன்னிரண்டாவதில் மடிப்பைத் தோளிலிருந்து சரித்து விட்டேன்.
தன் பாரத்தாலேயே மூடிக்கொண்டது.
என் யோசனைதான் அது. எங்கும் எழுதப்படவில்லை, பரவாயில்லை.

கொள்முதல் அதிகாரி டேப்பை விரித்தார்:
முப்பத்தெட்டு சென்டிமீட்டர் துணி அதிகம்.
நான் சும்மா இருந்திருக்கலாம்.
"அஸ்பிரோஸ் செங்கல்லை மிச்சம் பிடித்தார்,
நீ துணியை அள்ளிக் கொட்டுகிறாய்," என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள் என் மேசையில்
பழைய அங்கி தையல் பிரித்துக் கிடந்தது.
நெஞ்சுப்பக்கம் எதற்கோ இரட்டைத் துணி.
நாடாவுக்கென்று ஒரு பட்டை.
அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று.
எல்லாவற்றையும் கழித்தோம்.
ஒன்பது சென்டிமீட்டரில் வந்து நின்றது.
அதற்குமேல் அவளும் இறங்கவில்லை, அதிகாரியும் ஏறவில்லை.
சோதனைக்கு இருநூறு கேட்டார்.

நேற்று அந்த வார்டுக்குப் போயிருந்தோம்.
துறைமுகத்துப் பற்றவைப்பாளராம் ஒருவர்,
குடலிறக்கம், பெரிய உடம்பு,
கம்பத்தை உருட்டிக்கொண்டு கழிப்பறைக்கு நடந்தார்.
பின்பக்கம் திறக்கவில்லை.
மறு கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
மூக்கைச் சொறிந்தது, கொஞ்சம் ஆடியது,
பிறகு சுவரைத் தடவிக்கொண்டே போனது.

சுல்மா அவரைப் பார்க்கவில்லை.
சுவரைப் பார்த்து
"எவ்வளவு நேராகக் கட்டியிருக்கிறார்கள், சை," என்றாள்.